திரைப்பட மதிப்புரைஞரும் அவர்தம் துலாக்கோலும்

சினிமாவைப் பற்றிப் பேசுவது வேலையற்றோர் வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். கோவிலைப் பற்றிப் பேசலாம், குடும்பத்தைப் பற்றிப் பேசலாம், சங்கத்தைப் பற்றிப் பேசலாம். கொட்டகையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. நாம் அவர்களைத் திருப்பி ஒன்று கேட்கிறோம். இந்நாட்டுத் தமிழ் மக்களுக்கு உலகம் இன்னதென்று காட்டிய கண்ணாடி எது? 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத்தின் படவண்டி தோட்டந்தோறும் சென்றது. திடலில் கட்டிய வெள்ளைத் துணியின் முன்னே கித்தா மரம் வெட்டிக் களைத்த மக்கள் பாய் விரித்து அமர்ந்தனர். பட்டணத்தில் இருந்தோர் கோலாலம்பூரின் கொலிசியம் போன்ற கொட்டகைகளில் சென்னையிலிருந்து வந்த படங்களைக் கண்டனர். எழுத்தறியாத முதியவளும் படத்தில் வந்த பேச்சை மனப்பாடமாகச் சொன்னாள். பிள்ளைகளுக்கு நடிகர்களின் பெயரைச் சூட்டினர். இவ்வளவு ஆற்றல் வாய்ந்த ஒரு பொருளை எடைபோடாமல் விட்டுவிடுவது அறிவுடைமை ஆகுமோ?

எடைபோடுவது என்றோம். எடைபோட வேண்டியவர் மதிப்புரை எழுதுவோர். குணத்தைத் தனியே நாடி, குற்றத்தைத் தனியே நாடி, இரண்டில் எது மிகுதியோ அதனைக் கொண்டு முடிவு சொல்லுமாறு வள்ளுவர் வழிகாட்டியிருக்கிறார். ஆளைத் தெரிந்தெடுப்பதற்குச் சொன்ன அந்நெறி படத்தைத் தெரிந்தெடுப்பதற்கும் பொருந்தும். ஆனால் நம் மதிப்புரைஞர்களில் பெரும்பாலோர் இரு தட்டில் ஒன்றையே தூக்கிப் பார்க்கின்றனர். ஒருவர் குணத்தட்டை மட்டும் காண்கிறார், படம் காவியமாகிவிடுகிறது. மற்றொருவர் குற்றத்தட்டை மட்டும் காண்கிறார். அதே படம் குப்பையாகிவிடுகிறது. இடையில் நின்று திகைப்பவர் கூலிப்பணத்தை எண்ணிக் கொடுத்துச் சீட்டு வாங்குகிற எளிய மனிதர்.

தமிழில் நேர்மையான மதிப்புரைக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1930-களில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் இசையையும் நாடகத்தையும் படத்தையும் பற்றி எழுதினார். அவருடைய கொள்கைகள் பலவற்றோடு சீர்திருத்தக்காரர்கள் ஒத்துப்போகவில்லை என்பது உலகறிந்தது. ஆயினும் அறிஞர் அண்ணாவின் 'ஓர் இரவு' நாடகத்தைக் கண்டபோது, மாற்று முகாமைச் சேர்ந்தவர் எழுதியது என்று அவர் முகம் சுளிக்கவில்லை. தமிழ் நாட்டிலும் ஒரு பெர்னாட்ஷா இருக்கிறார் என்று மனந்திறந்து போற்றினார். கருத்தில் எதிரியாயிருப்பினும் கலையில் நீதி வழங்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'யைக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி; கதாநாயகனாகச் சிவாஜி கணேசன் அறிமுகமானார். கோவிலில் பூசாரி ஒருவன் இழைக்கும் கொடுமையைக் காட்டிய அப்படத்தைத் தடைசெய்தே தீரவேண்டுமெனக் கூக்குரல் எழுந்தது. 'பரப்பிரம்மம்' என்று பெயரைத் திரித்து ஏளனம் செய்ததும் நடந்தது. மறுபுறத்திலோ, படத்தின் ஒவ்வோர் எழுத்தும் புரட்சி என்று கொண்டாடினர். கோவிலைக் குறித்த காட்சி சரியா தவறா என்று இரு சாராரும் மோதிக்கொண்டனரேயன்றி, அப்படம் படமாக எத்தன்மையது என்று ஆராய்ந்தவர் சிலரே. நாடக மேடையின் நீண்ட சொற்பொழிவு திரையிலும் அப்படியே குடிபுகுந்திருப்பதையும், விதவையான தங்கையின் துயரம் இறுதியில் அண்ணன்மாரின் கையால் மட்டுமே தீர்க்கப்படுவதையும் அன்றே எடுத்துக் காட்டியிருக்கலாம். பிற்காலத்தில் எம். எஸ். எஸ். பாண்டியன் போன்ற ஆராய்ச்சியாளர் தோன்றித்தான் அப்படத்தின் வரலாற்றைப் பொறுமையாக விரித்துரைக்க வேண்டியதாயிற்று. தடை கேட்பதும் மதிப்புரையன்று, தாளம் போடுவதும் மதிப்புரையன்று என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

நிற்க. இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்குள்ள மதிப்புரைஞர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையார் நடிகரின் அடியார்கள். கோவிலில் அர்ச்சனை செய்வோர் கடவுளின் குறையைச் சொல்லாதது போல இவர்களும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் வகையார் கணக்கர்கள். ஐந்து நட்சத்திரத்தில் இரண்டரை என்று தீர்ப்பளித்து, அந்த அரை நட்சத்திரம் எதற்கு என்பதைச் சொல்லாமலே போய்விடுவர். மூன்றாம் வகையார் இரக்கவான்கள். மலேசியத் தமிழன் எடுத்த படம், ஆதரிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வர். நான்காம் வகையார் ஏளனக்காரர்கள். சென்னையில் எடுக்காத தமிழ்ப் படமும் ஒரு படமா என்பார்கள். இந்நால்வரில் இரக்கவானும் ஏளனக்காரனும் பகைவர் போலத் தோன்றினாலும் உண்மையில் உடன்பிறந்தோரே. நம்மவர் படத்தைப் பிறர் படத்தோடு ஒரே தராசில் வைக்க முடியாது என்று இருவருமே முன்கூட்டி முடிவு கட்டிவிட்டனர். இரக்கம் காட்டப்படும் கலைஞன் மதிக்கப்படும் கலைஞன் அல்லன்.

இவற்றையெல்லாம் இரண்டு படங்களைக் கொண்டு விளக்குவோம். ஒன்று 2016 ஜூலை 22-இல் வெளிவந்த 'கபாலி'. மற்றொன்று 2015 டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்'. ஒன்று சென்னையிலிருந்து வந்து கோலாலம்பூரைக் களமாகக் கொண்டது. மற்றொன்று இம்மண்ணிலேயே எடுக்கப்பட்டது. ஒன்றில் உலகறிந்த நடிகர் ரஜினிகாந்த். மற்றொன்றில் பலரும் அறியாத நடிகர்களும் ஒரு சிறுவனும். ஆயினும் இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டன. தோட்டத்திலிருந்து வந்த தமிழன் மகன் ஏன் கும்பலில் சேர்ந்தான் என்பதே அக்கேள்வி. 2013-ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு தடைசெய்யப்பட்ட 49 கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, அவற்றில் நம்மவர் பெருந்தொகையாக இருப்பது கண்டு நாடே பேசியது. ஆகவே அக்கேள்வி நமக்குப் பொழுதுபோக்கன்று. நம் பிள்ளைகளின் தலையெழுத்தைப் பற்றியதாகும். தலையெழுத்து என்னும் சொல்லை நாம் விதி என்னும் பொருளில் சொல்லவில்லை. பிறர் எழுதி வைத்த எழுத்து என்னும் பொருளிலேயே சொல்கிறோம்.

'கபாலி'யைப் பற்றி வந்த அபிப்பிராயங்கள் எத்தனை! சென்னை மதிப்புரைஞர் பலர் படம் மெதுவாக நகர்கிறது என்றனர். இது ரஜினி படமா, இயக்குநர் பா. ரஞ்சித் படமா என்று தெரியவில்லை என்றனர் சிலர். வயதுக்கேற்ற வேடத்தை ஏற்றதற்காகப் பாராட்டினர் வேறு சிலர். சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான குரலை அதில் கேட்டோரும் உண்டு. சிறைக்கூடத்தில் ஒடுக்கப்பட்டோர் வாழ்வு பற்றிய நூல் ஒன்றைக் கபாலி படித்துக்கொண்டிருப்பதையும், அவன் கோட்டு அணிவதையும் அவர்கள் சுட்டிக் காட்டினர். கோட்டு என்பது வெறும் துணியன்று. அம்பேத்கர் அணிந்த உடை அது. குனிந்து நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டவன் நிமிர்ந்து நிற்கிறான் என்பதற்கு அது அறிகுறி. இந்த நுட்பத்தைக் கண்டு சொன்ன மதிப்புரைஞருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நம் நாட்டிலோ, பேச்சு வழக்கு நம்முடையதாக இல்லை என்றும், கும்பல் வாழ்வைக் கொண்டாடுகிறது என்றும் குறை கூறினர். இந்த இரு குறைகளும் ஆராயத்தக்கவையே.

ஆனால் இவர்களில் எத்தனை பேர் கிள்ளானை நினைத்தனர் என்று நாம் கேட்கிறோம். தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகக் குரல் எழுப்பியவனாகக் கபாலியைப் படம் காட்டுகிறது. இது கதாசிரியரின் வெறும் கற்பனை என்று கருதுவோர், 1941-ஆம் ஆண்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்தவர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை நீக்க வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவு தொலைய வேண்டும். கூலியை மட்டுமா கேட்டனர்? மானத்தையும் கேட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இவ்வரலாற்றை அறிந்த மதிப்புரைஞர் 'கபாலி'யிடம் வேறொரு கேள்வியைக் கேட்டிருப்பார். 1941-இல் போராடியது ஒரு கூட்டம். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்ற ஆணும் பெண்ணும் அக்கூட்டம். படத்திலோ அந்தக் கூட்டத்தின் பெருமை முழுவதும் ஒரே மனிதனின் தோளில் ஏற்றப்படுகிறது. அவன் தனியொருவனாகத் துப்பாக்கி ஏந்திப் பகைவரை வீழ்த்துகிறான். மக்கள் பார்த்திருந்து கைதட்டுகின்றனர். சங்கத்தின் இடத்தைக் கும்பல் பிடித்துக்கொண்டது எவ்வாறு என்று படம் விளக்க முற்பட்டிருந்தால் அது பெரும் படமாயிருக்கும். அதனை விட்டு, நல்ல கும்பல் என்றும் கெட்ட கும்பல் என்றும் இரண்டாகப் பிரித்து, நல்ல கும்பலுக்கு நம் கதாநாயகனைத் தலைவனாக்கிவிட்டது. படம் மெதுவாகப் போகிறது என்பது இதனினும் சிறிய குறை. கோட்டு அணிந்து நிமிர்ந்தது குணம். கூட்டத்தை மறந்து தனி வீரனை வணங்கச் செய்தது குற்றம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே மதிப்புரை.

இப்படத்தின் முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கபாலி என்ன ஆனான் என்று சொல்லாமல், கூட்டத்தினிடையே ஒரு துப்பாக்கி ஓசையோடு படம் முடிகிறது. மலேசியாவில் காட்டப்பட்ட படத்திலோ, அவன் காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் இறுதியில் சேர்க்கப்பட்டது. குற்றம் செய்தவன் தண்டனை பெற்றே தீரவேண்டும் என்பது தணிக்கையின் எண்ணம். எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். இரண்டரை மணி நேரம் கண்ணால் கண்டதை ஒரு வரி எழுத்து அழித்துவிடுமா? கொட்டகையை விட்டு வெளியேறிய இளைஞன் மனத்தில் கொண்டு சென்றது கதாநாயகனின் நடையையா, கடைசி வாசகத்தையா? தணிக்கை செய்ய முடியாத வேலையைச் செய்ய வேண்டியவர் மதிப்புரைஞரே. தணிக்கைக்காரர் வெட்டுகிறார் அல்லது ஒட்டுகிறார். மதிப்புரைஞரோ பார்ப்பவரின் அறிவைத் தூண்டுகிறார். முன்னது வலுத்த நாட்டில் பின்னது மெலிந்திருப்பதை எங்கும் காணலாம்.

இனி 'ஜகாட்'. தீயவன் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல் நம் மக்களின் வாயில் திரிந்து வழங்குவதே அப்பெயர். பெயரிலேயே படத்தின் நேர்மை தெரிகிறது. 1990-களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்து ஓரத்தில் ஒதுங்கிய குடும்பங்களின் கதை இது. இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள். அப்போய் என்னும் சிறுவன் குறும்பும் கற்பனையும் மிக்கவன். அவன் படித்து முன்னேற வேண்டும் என்று தந்தை ஆசைப்படுகிறார். அந்த ஆசைக்கு அவர் கண்ட ஒரே கருவி அடி. சிறுவனின் சித்தப்பன்மாரில் ஒருவன் கும்பலில் இருக்கிறான்; மற்றொருவன் போதைப் பொருளால் சீரழிந்தவன். வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காத மதிப்பு தெருவில் கிடைக்கும்போது ஒரு பிள்ளை எந்தப் பக்கம் செல்வான் என்பதைப் படம் சொற்பொழிவு இல்லாமல் காட்டுகிறது.

இங்கே வீரன் இல்லை, வில்லனும் இல்லை. பிள்ளையை அடிக்கும் தந்தையின் மீது நமக்கு வெறுப்பு வரவில்லை. அவரையும் தோட்டம் கைவிட்டது, பட்டணம் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நாம் காண்கிறோம். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபோது, அங்கே நான்கு தலைமுறையாக உழைத்தவருக்குக் கிடைத்தது என்ன? லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமே பலருக்குக் கிடைத்தது. கோவிலும் பள்ளியும் ஆயாக்கொட்டகையும் அக்கம்பக்கத்து உறவும் ஒருசேர அறுந்தன. அந்த அறுந்த இடத்திலே கும்பல் முளைத்தது. 'கபாலி' விடாமல் முழங்கியும் எட்டாத இடத்தை 'ஜகாட்' மெல்லிய குரலில் எட்டிவிட்டது என்பது நம் துணிபு.

'ஜகாட்'டுக்கும் குறை உண்டு. அதன் பெண்கள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கின்றனர். ஆண்கள் அடிப்பதும் அடிபடுவதுமான உலகத்தில் தாய் என்ன நினைத்தாள் என்று அறிய நாம் ஆவலுறுகிறோம். படம் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. நம்மவர் படம் என்பதற்காக இதனைச் சொல்லாமல் விட்டால் நாமும் இரக்கவான்களின் வரிசையில் சேர்ந்துவிடுவோம்.

இப்படத்துக்கு நேர்ந்த மற்றொரு சோதனையையும் குறிப்பிட வேண்டும். 2016-இல் நடைபெற்ற 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கினர். 'ஜகாட்'டும் பல மொழி பேசும் 'ஓலா போலா'வும் அவ்வாறு ஒதுக்கப்பட்டன. மலாய்க் கலைஞர்களே முன்வந்து இதனைக் கண்டித்தனர் என்பதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். விதி திருத்தப்பட்டது, எல்லா மொழிக்கும் பொதுவான சிறந்த மலேசியப் படம் என்னும் விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. மொழியால் படத்தைப் பிரிக்க நினைத்தோர் மலாய்ப் படத்தின் பிறப்பையே மறந்தனர் போலும். பி. ராம்லி முதன்முதல் கதாநாயகனாக நடித்த 1950-ஆம் ஆண்டின் 'பக்தி'யை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் அல்லரோ? கலைக்கு வேலி போடுவோர் தம் தோட்டத்து மரத்தின் வேர் எங்கே ஓடுகிறது என்று முதலில் தோண்டிப் பார்க்கட்டும்.

இந்த இரண்டு படங்களுக்கும் முன்னரே வழி திறந்தவர் தீபக் குமரன் மேனன். அவருடைய 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. 1960-களின் தோட்டத்தில், பல்கலைக்கழகம் வரை படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை அது. பிரான்சு நாட்டு நாந்து நகரத்துத் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. அவருடைய 'சலங்கை' 2007-ஆம் ஆண்டுப் படம், களம் பிரிக்பீல்ட்ஸ். தாய் பூ விற்கிறாள், மகன் கார் கழுவுகிறான், சிறுமிக்கு நாட்டியம் பயில ஆசை. அவ்வளவே கதை. ரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்த அவ்வட்டாரம் 2010-இல் 'லிட்டில் இந்தியா' என்று வளைவும் வண்ணமும் பூண்டது. வண்ணம் பூசுவதற்கு முந்தைய அதன் முகத்தைக் காண விரும்புவோருக்கு இப்படம் ஒரு சான்றாக நிற்கிறது.

இப்படங்களைப் பற்றி நம்மவர் பலர் சொன்ன ஒரே சொல், மெதுவாகப் போகிறது என்பது. பொறுமையாகச் சிந்திப்போம். வெளி ஊர்க்காரர் பரிசு கொடுத்ததனால் மட்டும் ஒரு படம் உயர்ந்துவிடாது. நம்மவர் கொட்டாவி விட்டதனால் மட்டும் தாழ்ந்துவிடாது. மெதுவாகப் போவது எதன் பொருட்டு என்று கேட்பதே முறை. சொல்வதற்கு ஒன்றுமின்றி இழுப்பதும் உண்டு. காண்பதற்கு நேரம் கொடுப்பதும் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு ஓடி, மரத்துக்கு மரம் நடந்து, மங்கில் பால் சொட்டுச் சொட்டாக நிறையக் காத்திருந்த வாழ்வு விரைவான வாழ்வா? அவ்வாழ்வைப் பாட்டும் சண்டையுமாக விரட்டிக் காட்டினால் அது பொய்யாகிவிடாதா? எனினும் 'சலங்கை'யில் சில இடங்கள் காண்பதற்கு நேரம் கொடுத்த பிறகும் நீள்கின்றன என்பதையும் நாம் மறைக்கவில்லை.

ஆகவே நம் மதிப்புரைஞர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. படம் எந்த மண்ணைப் பற்றியதோ அந்த மண்ணின் வரலாற்றைப் படித்துவிட்டு எழுதுக. நடிகர் யார், எடுத்தவர் எந்த ஊர் என்பதைத் தராசில் வைக்காதீர். தீர்ப்பை மட்டும் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் நாங்கள் மறுக்கவாவது முடியும். மறுக்க முடியாத தீர்ப்பைக் கூறுவோர் மதிப்புரைஞர் அல்லர், குருக்கள்.

படம் பார்ப்போரிடம் நாம் வேண்டுவது இதனினும் பெரிது. மதிப்புரைஞர் எவ்வளவு நல்லவராயினும் அவர் கண் அவருடையது. தோட்டத்தில் பிறந்த தாய்மார் 'செம்மண் சாலை'யில் காண்பதைச் சென்னையிலிருந்து எழுதுவோர் காணமாட்டார். பிள்ளையைக் கும்பலுக்குப் பறிகொடுத்த தந்தை 'ஜகாட்'டில் காண்பதை நாமும் காணமாட்டோம். அவர்களுடைய அபிப்பிராயம் இதுவரை அச்சேறவில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் எத்தனையோ சங்கங்கள் இருக்கின்றன, வாசகசாலைகள் இருக்கின்றன. படம் பார்த்த மறுநாள் பத்துப் பேர் கூடி, பெண்களையும் இளைஞரையும் முதலில் பேசவிட்டு, இப்படம் நம்மை எப்படிக் காட்டியது, அது உண்மையா என்று ஒரு மணி நேரம் வாதிட்டால், அதுவே சிறந்த மதிப்புரையாகும். 1941-இல் துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்று சொன்னவரின் பேரப்பிள்ளைகள் நாம். வெள்ளைத் திரைக்கு முன்னால் மட்டும் ஏன் நம் அறிவை விட்டு இறங்க வேண்டும்?